டர்பனில் எலும்பு, இணைப்புத்திசு மரபணுப் பேனல் சோதனை: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தனியார் ஆய்வகங்கள் வழியாகக் கிடைக்கும் ஒரு சேவையின் மதிப்புரை இது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் பெயர் மாறும். ‘ஸ்கெலிட்டல் டிஸ்பிளேசியா பேனல்’ என்பார்கள், ‘கனெக்டிவ் டிஷ்யூ பேனல்’ என்பார்கள். வேலை ஒன்றுதான். ஒரு சின்னக் குழாய் ரத்தமோ எச்சிலோ எடுத்து, எலும்பு, குருத்தெலும்பு, தசைநார், ரத்தக்குழாய்ச் சுவர் ஆகியவற்றைக் கட்டும் மரபணுக்களில் சில பத்து முதல் சில நூறு வரை ஒரே மூச்சில் படித்து, எங்கே எழுத்து பிசகியிருக்கிறது என்று எழுதித் தருகிறார்கள்.

எந்த ஆய்வகத்தையும் பெயர் சொல்லி இங்கே எடை போடவில்லை. டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் இயந்திர வேலை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் நடக்கிறது. நல்ல சேவையையும் வீண் செலவையும் பிரிப்பது வேறு மூன்று: பட்டியலில் எந்த மரபணுக்கள் இருக்கின்றன, மாதிரியோடு என்ன தகவல் போகிறது, அறிக்கை வந்த பிறகு யார் எதிரே உட்கார்ந்து விளக்குகிறார்கள். இந்த மூன்றில் நடுவில் இருப்பதற்குத்தான் குடும்பங்கள் மிகக் குறைவாக நேரம் கொடுக்கின்றன. பாதி அறிக்கைகள் பயனில்லாமல் போவது அங்கேதான் என்பது என் கணிப்பு.

முதலில், யாருக்கு இது தேவை என்று பார்க்கலாம். மரபுவழி எலும்புக் கோளாறுகளுக்கான சர்வதேச வகைப்பாட்டின் 2023 பதிப்பில் 771 கோளாறுகள், 41 குழுக்கள், 552 மரபணுக்கள். கண்ணால் பார்த்தும் எக்ஸ்ரேயை வைத்தும் ‘இது இன்னது’ என்று சொல்ல முடியாதபோது பேனல் நல்ல கருவி. ஆனால் எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். அகாண்ட்ரோபிளேசியா என்னும் குட்டை வளர்ச்சிக் கோளாறில், எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவின் ஒரே ஒரு இடத்தில், 380ஆவது கிளைசின் ஆர்ஜினினாக மாறுவதுதான் ஏறக்குறைய எல்லாருக்கும் காரணம். அந்த ஒரு இடத்தைப் படிக்கும் சின்னச் சோதனை போதும். அதற்குப் பெரிய பேனல் எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். (அகாண்ட்ரோபிளேசியாவோடு பிறக்கும் குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேரின் பெற்றோர் சராசரி உயரக்காரர்கள். மாற்றம் புதிதாகத் தோன்றியது. ‘எங்கள் பக்கத்தில் யாரும் இப்படி இல்லை’ என்று இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.)

இன்னொரு பக்கம், மூட்டு அளவுக்கு மேல் வளைகிறது, வலிக்கிறது, அடிக்கடி விலகுகிறது என்று வருபவர்கள். மூட்டு வளைவை அளக்கும் ஒன்பது புள்ளி அளவுகோல் தென்னாப்பிரிக்காவிலேயே உருவானது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் மனித மரபியல் பேராசிரியராக இருந்த பீட்டர் பைட்டனின் பெயரில் உலகமெங்கும் புழங்குகிறது. இரு சுண்டுவிரல்கள் 90 பாகைக்கு மேல் பின்னால் மடங்கினால் விரலுக்கு ஒன்றாக இரண்டு, இரு கட்டைவிரல்கள் முன்கையைத் தொட்டால் இரண்டு, முழங்கைகளும் முழங்கால்களும் 10 பாகைக்கு மேல் பின்வளைந்தால் நான்கு, முழங்கால் மடக்காமல் குனிந்து இரு உள்ளங்கையும் தரையில் படிந்தால் ஒன்று. மூட்டும் தோலும் அளவு மீறி இழுபடும் மரபுவழி இணைப்புத்திசுக் கோளாறுகளான எலர்ஸ்–டான்லோஸின் 2017 வகைப்பாட்டில் 13 வகைகள். அவற்றில் மிக அதிகம் காணப்படும் ‘அதிவளைவு’ வகைக்கு மட்டும் இன்றுவரை மரபணு கிடைக்கவில்லை. எனவே பேனலில் எதுவும் வரவில்லை என்பதால் அந்த வகை இல்லை என்று ஆகாது. அது நேரில் சோதித்துத்தான் முடிவாகும். தோல் அதிகமாக இழுபடுகிறது, தழும்பு சிகரெட் தாள்போல் மெலிந்து அகலமாகிறது, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்குழாயோ குடலோ கர்ப்பப்பையோ திடீரென்று கிழிந்தது என்றால்தான், மற்ற வகைகளை விலக்கவோ உறுதிசெய்யவோ பேனலுக்குக் காசு கொடுப்பது பொருந்தும்.

பெருந்தமனி, கண், எலும்பு மூன்றையும் பாதிக்கும் இணைப்புத்திசுக் கோளாறான மார்ஃபான் சந்தேகம் என்றால் வரிசை மாறும். முதலில் எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட்; மரபணு பிறகு. பெருந்தமனியின் வேர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை அதே வாரம் அளந்துவிடலாம். பேனல் முடிவுக்கு வாரக்கணக்கு ஆகும். மார்ஃபானை உறுதிசெய்யும் 2010இன் கென்ட் விதிகளின்படி, குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும், வேரின் இசட் மதிப்பு (உடல் அளவுக்கு உரிய சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) 2 அல்லது அதற்கு மேல் இருந்து, கண்ணின் லென்ஸும் இடம் பெயர்ந்திருந்தால் மரபணுச் சோதனை இல்லாமலே நோய் உறுதி. எக்கோ எடுக்காமல் ‘டிஎன்ஏ முடிவு வரட்டும்’ என்று காத்திருப்பது ஆபத்து.

பட்டியலில் என்ன விடுபடும்

பேனலை வாங்குமுன் மரபணுப் பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் பெருமை இல்லை. எந்த மரபணு இருக்கிறது என்பதோடு, அதில் எந்தப் பகுதி படிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். பெரும்பாலான பேனல்கள் புரதத்துக்கு நேராகச் சங்கேதம் தரும் பகுதிகளையும் அவற்றின் ஓரத்தையும் மட்டுமே படிக்கும். அப்படிப் படித்தால் கைநழுவிப் போகும் சில இடங்கள் இவை.

எலும்பு எளிதில் முறியும் நோயான ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்பெக்டாவின் ஐந்தாம் வகை, ஐஎஃப்ஐடிஎம்5 மரபணுவில் புரதம் தொடங்கும் எழுத்துக்கு 14 எழுத்து முன்னால் நேரும் ஒற்றை மாற்றத்தால் வருகிறது. அந்த இடம் சங்கேதப் பகுதிக்கு வெளியே. முறிந்த இடத்தில் எலும்பு அளவு மீறிப் பருத்து வளர்வதும், முன்கையின் இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு சுண்ணாம்பேறிக் கையைப் புரட்ட முடியாமல் போவதும் இதன் அடையாளங்கள். குழந்தையால் உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப முடியவில்லை என்றால், இந்த இடம் பேனலில் உண்டா என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

ஆர்எம்ஆர்பி என்ற மரபணு புரதமே செய்யாது. அதன் ஆர்என்ஏவே அதன் வேலையைச் செய்கிறது. குருத்தெலும்பும் முடியும் குன்றும் கோளாறுக்கு இதுதான் காரணம். புரதச் சங்கேதப் பகுதிகளை மட்டும் மொத்தமாகப் படிக்கும், ‘எக்சோம்’ என்ற பெயரில் விற்கப்படும் சோதனையில் இது தானாக அடங்கிவிடாது.

எலும்பின் உயர வளர்ச்சிக்கு உதவும் ஷாக்ஸ் மரபணுவில் நேரும் கோளாறு பெரும்பாலும் எழுத்துப் பிழையாக வராது. ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். சில சமயம் மரபணு முழுதாக இருக்கும், அதை இயக்கும் தொலைதூரப் பகுதி மட்டும் போயிருக்கும். மணிக்கட்டு கத்திபோல் வளைந்து, முன்கையும் கணுக்காலுக்கு மேற்பகுதியும் குட்டையாக இருக்கும் பெண்களில் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ‘துண்டு நீக்கம், இரட்டிப்பு பார்க்கிறீர்களா, ஷாக்ஸின் இயக்கப் பகுதியும் அதில் உண்டா’ என்பது சரியான கேள்வி.

டிஎன்எக்ஸ்பி என்ற மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதைப் போலவே எழுதப்பட்ட, வேலை செய்யாத ஒரு போலி மரபணு உண்டு. இயந்திரம் இரண்டையும் குழப்பிக்கொள்ளும். எலர்ஸ்–டான்லோஸின் ஒரு ஒடுங்கு வகை (இரு பெற்றோரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால் மட்டும் தோன்றுவது) டிஎன்எக்ஸ்பியால் வருவது. இதைத் தனி முறையில் சரிபார்க்காத ஆய்வகம் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் அதை முழுதாக நம்ப முடியாது.

எலும்பு எளிதில் முறியும் நோய்க்கு ‘காலஜன் இரண்டு மரபணு’ மலிவுச் சோதனை ஒன்றும் புழக்கத்தில் உண்டு. சிஓஎல்1ஏ1, சிஓஎல்1ஏ2 மட்டும் பார்ப்பார்கள். பல நாடுகளில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இது போதும். இந்த நாட்டுக்குப் போதாது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் கடுமையான மூன்றாம் வகை, எஃப்கேபிபி10 என்ற ஒடுங்கு மரபணுவில் பொது மூதாதையரிடமிருந்து வந்த மாற்றத்தால் வருவது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியக் குடும்பங்களிலும் எஃப்கேபிபி10, செர்பின்எஃப்1, டபிள்யுஎன்டி1 போன்ற ஒடுங்கு மரபணுக்கள் கணிசமாக வருகின்றன. இரண்டு மரபணுச் சோதனையை முதலில் எடுத்து, பிறகு பேனலும் எடுத்தால் செலவு இரட்டிப்பு.

எலும்புக்கு உறுதி தரும் புரதமான முதல் வகைக் காலஜனைப் பற்றி ஒரு வார்த்தை. அறிக்கை வரும்போது உதவும். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு அது: இரண்டு புரி ஆல்ஃபா–1, ஒரு புரி ஆல்ஃபா–2. ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் இருந்தாக வேண்டும். முறுக்கின் நடுவில் அவ்வளவு நெருக்கடி. மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் மட்டுமே அடங்கும். சிஓஎல்1ஏ1இன் இரு பிரதிகளில் ஒன்று அடியோடு ஊமையானால் கயிறு பாதி அளவே உற்பத்தியாகும், ஆனால் இருப்பது நல்ல கயிறு. விழியின் வெள்ளை நீலம் பாய்ந்த, எலும்பு முறியும் நோயின் லேசான முதல் வகை இது. ஒரு கிளைசின் மட்டும் வேறொன்றாக மாறினால், நாலில் மூன்று கயிற்றில் கெட்ட புரி ஒன்றாவது சேர்ந்துவிடும். அதனால் பெரும்பாலும் நோய் கடுமை. ‘மரபணுவே வேலை செய்யவில்லை’ என்பது ‘ஒரு எழுத்து மாறியிருக்கிறது’ என்பதைவிட மோசமாகக் காதில் விழும். இங்கே உண்மை தலைகீழ். இதை விளக்காமல் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிடும் சேவைக்கு நான் நல்ல மதிப்பெண் தர மாட்டேன்.

தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கேட்க வேண்டிய ஒரு மரபணு சிசிஎன்6. இதன் கோளாறு ‘போலி வாத’ எலும்பு வளர்ச்சிக் குறை. மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் விரல் கணுக்கள் பருக்கும், நடை தடுமாறும், இடுப்பும் முழங்காலும் விறைக்கும். பார்ப்பவர்கள் குழந்தை மூட்டுவாதம் என்று நினைத்து ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இங்கே அழற்சி இல்லை. அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சாதாரணமாக இருக்கும், மூட்டு சூடாக இருக்காது, மருந்துக்கு அடங்காது. எக்ஸ்ரேயில் முதுகெலும்புகள் தட்டையாகத் தெரியும், விரல் எலும்புகளின் முனை அகன்றிருக்கும். குருத்தெலும்பே தேய்ந்து போகிறது, அவ்வளவுதான். இந்தியக் குடும்பங்களில் மீண்டும் மீண்டும் பதிவான மாற்றங்கள் இதில் உண்டு: 52ஆவது சிஸ்டீனில் புரதம் நின்றுபோவது, 337ஆவது சிஸ்டீன் டைரோசினாவது. ஒடுங்கு நோய் என்பதால் பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள்; ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மூட்டுவாத மருந்து வேலை செய்யவில்லை, இஎஸ்ஆர் எப்போதும் சாதாரணம் என்றால் தாமதிக்காதீர்கள். இணைப்புத்திசுப் பேனல் என்ற பெயரில் வருவனவற்றில் சிலவற்றில் சிசிஎன்6 இருக்காது. எலும்பு வளர்ச்சிப் பேனலில்தான் இருக்கும்.

படிவத்தில் இருக்கும் ஓட்டை

ஆய்வகப் படிவத்தில் ஒரு வரி வரும்: பெற்றோர் ரத்த உறவா, ஆம் அல்லது இல்லை. நம் குடும்பங்கள் ‘இல்லை’ என்று டிக் செய்துவிடுவார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. நம் கணக்கில் ரத்த உறவு என்றால் பங்காளி; மாமன் மகள் முறைப்பெண், அவள் கட்டிக்கொள்ள உரியவள். மரபியல் கணக்கில் மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே தூரம். மாமன் மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் பதினாறில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பிரதியாக அமையும். அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒரு பங்கு. ஒடுங்கு எலும்பு நோய்களைத் தேடும்போது ஆய்வகத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது. படிவத்தைத் தயாரித்தவர்கள் இங்கே தவறிவிட்டார்கள் என்றுதான் சொல்வேன். ‘இருவருடைய பெற்றோரும் தாத்தா ஆயாவும் எந்த முறை’ என்று கேட்டிருக்க வேண்டும்.

படிவம் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். ஆங்கிலத்தின் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’, ‘கசின்’ மூன்றும் எதையும் சொல்லாத சொற்கள். தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, அத்தை மகன், பெரியம்மா மகள் என்று தமிழிலேயே எழுதினால் குடும்ப மரம் தானாக வரைந்துவிடும். பாட்டனார் பெயரோடு எழுதுவது இன்னும் நல்லது. ஒரு எச்சரிக்கை: டர்பனில் தெருவில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் மாமாதான். ‘கூடப்பிறந்த மாமாவா, மரியாதைக்குக் கூப்பிடும் மாமாவா’ என்று பிரித்து எழுதுங்கள். நாயுடு, கோவிந்தர், பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று குடும்பப் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து உறவு என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

நாலு தலைமுறைக்கு மேல் நினைவு எட்டாத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூலி எண் இன்னும் பல வீடுகளில் பத்திரமாக இருக்கும். வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி–லுதூலி ஆவண மையத்தில் அந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். மணமகன் பக்கப் பாட்டனும் மணமகள் பக்கப் பாட்டியும் ஒரே தாலுக்காவின் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தால் அதையும் குடும்ப மரத்தில் குறித்துவிடுங்கள். திருமணம் உறவில் நடக்காவிட்டாலும், பழைய ஊர்ப் பொதுமூதாதை இருந்திருக்கலாம்.

வம்சாவளிக் கட்டத்தில் ‘இந்தியன்/ஏசியன்’ என்று மட்டும் டிக் செய்து விடாதீர்கள். ‘தென்னிந்தியா, தமிழ்’ என்று கையால் எழுதுங்கள். கண்டுபிடித்த மாற்றம் அபூர்வமானதா என்று பார்க்க ஆய்வகம் உலகத் தரவுத்தளங்களில் தேடும். நோமேட் என்ற பெரிய தரவுத்தளத்தில் தெற்காசியருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இந்தியாவின் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்திருக்கிறது. ஐரோப்பியரில் ஒருவருக்கும் இல்லாத மாற்றம் நம்மில் சாதாரணமாக இருக்கக்கூடும். அதைப் பார்க்காத ஆய்வகம் அதை நோய் என்று எழுதிவிடும். அல்லது ‘தெரியாது’ என்ற பிரிவில் போட்டுவிடும்.

படிவத்தோடு எக்ஸ்ரேயும் போக வேண்டும். மண்டை பக்கவாட்டில், முதுகெலும்பு முன்னும் பக்கமும், இடுப்பு, இடது கை, முழங்கால், ஒரு நீண்ட எலும்பு. அச்சுத் தாளில் அனுப்பாமல் சிடியில் டைக்கம் கோப்பாக அனுப்பினால் நல்லது. பெரியவர்களுக்குச் சோதனை என்றால் சின்ன வயது எக்ஸ்ரேயைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு பல கோளாறுகளின் அடையாளமே எக்ஸ்ரேயில் மறைந்துவிடும். பன்னிரண்டு வயதில் எடுத்த பழைய படம் ஒன்று, நாற்பது வயதில் எடுக்கும் பத்துப் படங்களுக்குச் சமம்.

மாதிரி எடுப்பது

இந்தப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறது, கெடுவது சில்லறைக் காரணங்களால். ரத்தம் என்றால் ஊதா மூடிக் குழாய், அதாவது இடிடிஏ கலந்தது. பெரியவர்களுக்கு 3 முதல் 5 மில்லி போதும். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அது டிஎன்ஏவைப் பெருக்கும் வேதிவினையைத் தடுக்கும். எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குலுக்கினால் செல்கள் உடையும், விட்டுவிட்டால் ரத்தம் உறையும். டர்பன் கோடையில் காரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அடுக்கில் வையுங்கள், உறைய வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொடுத்தால் சனி ஞாயிறு கூரியர் கிடங்கில் கிடக்கும். திங்கள் முதல் புதன் வரை கொடுப்பது நல்லது.

எச்சில் கிட் வசதியானது, சாட்ஸ்வர்த்திலிருந்தே அனுப்பிவிடலாம். அரை மணி நேரம் எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், வெற்றிலை பாக்கு போடாமல் இருந்து, நுரை கழித்துக் கோட்டு வரை துப்ப வேண்டும். பிறகு மூடியை அழுத்தி, உள்ளே இருக்கும் திரவம் கலக்கும்படி குலுக்க வேண்டும். பலர் நுரையையும் சேர்த்துக் கோடு வரை வந்துவிட்டது என்று நினைப்பார்கள். அப்போது டிஎன்ஏ குறையும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பால் குடித்த உடனே எடுத்தால் தாயின் செல்களும் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து வாயைத் துடைத்து எடுங்கள். யாருக்காவது எலும்பு மஜ்ஜை மாற்றம் நடந்திருந்தால் ரத்தமும் எச்சிலும் இரண்டுமே ஆகாது, தோல் துண்டுதான். மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் ஏற்றுமதி அனுமதி தேவை, அதை வாங்குவது ஆய்வகத்தின் பொறுப்பு.

அறிக்கை

அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மரபணுவின் பெயர், மாற்றம் ‘சி.’ எழுத்திலும் (டிஎன்ஏவில் எங்கே) ‘பி.’ எழுத்திலும் (புரதத்தில் எங்கே), ஒரு பிரதியிலா இரண்டிலுமா என்பது, ஐந்து பிரிவுகளில் எது என்பது. நோய்க்காரணம், அநேகமாக நோய்க்காரணம், தெளிவில்லாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என்ற இந்த ஐந்தும் 2015இல் வந்த அமெரிக்க விதிகளின்படி. அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். எந்த மரபணுவின் எந்தப் பகுதி 20 முறைக்குக் குறைவாகப் படிக்கப்பட்டது என்று அங்கேதான் சின்ன எழுத்தில் இருக்கும். மருத்துவர் சந்தேகிக்கும் மரபணுவே அங்கே இருந்தால், ‘எதிர்மறை’ என்ற முடிவு எதிர்மறை அல்ல.

நடுவில் உள்ள ‘தெளிவில்லாதது’, அதாவது வியுஎஸ், அதிகக் குழப்பம் தரும் முடிவு. இதை வைத்து யாருக்கும் சிகிச்சையை மாற்றவோ, திருமணத்தை நிறுத்தவோ, கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கவோ கூடாது. அடுத்து செய்ய வேண்டியது பெற்றோரைச் சோதிப்பது. குழந்தைக்கு இருந்து பெற்றோர் இருவருக்கும் இல்லை என்றால் புதிதாகத் தோன்றியது, நோய்க்காரணம் என்பதற்கான எடை கூடும். நோய் இல்லாத தாத்தாவுக்கும் அதே மாற்றம் இருந்தால் எடை குறையும். பெற்றோர் சோதனையை இலவசமாகச் செய்வார்களா என்று பேனல் வாங்கும்போதே கேளுங்கள். இதைச் செய்யும் ஆய்வகங்களும் உண்டு. கேட்கும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: மூவர் சோதனையில் தகப்பன் யார் என்பதும் வெளிப்பட்டுவிடும். சம்மதப் படிவத்தில் அதை வெளிப்படையாகச் சொல்லாத சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெற்றோருக்கு மாற்றம் இல்லை என்று வந்தால், அடுத்த குழந்தைக்கு அபாயம் பூச்சியம் என்று சொல்லிவிட முடியாது. தாயின் கருமுட்டைகளிலோ தந்தையின் விந்தணுக்களிலோ மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கலாம், ரத்தத்தில் தெரியாது. காலஜன் எலும்பு நோயில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். அடுத்த கர்ப்பத்தில் சோதிக்க வேண்டும் என்றால் மாற்றம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்தில், பனிக்குட நீர் 15 வாரத்துக்குப் பிறகு. கர்ப்பம் ஆன பிறகு பேனலைத் தொடங்கினால் காலம் போதாது.

அறிக்கையைப் படித்துச் சொல்லும் மரபியல் ஆலோசகர் சுகாதாரத் தொழில் மன்றமான ஹெச்பிசிஎஸ்ஏவில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. நல்ல ஆலோசகர் உங்கள் அன்றாடத்தைக் கேட்பார். இங்கே நம் வழக்கங்களையும் நாமே சொல்லிவிட வேண்டும். ரத்தக்குழாய் வகை எலர்ஸ்–டான்லோஸ் உள்ளவர்கள் தைப்பூசத்தில் அலகு குத்திக்கொள்வது பாதுகாப்பல்ல. தோல் கிழியும், ரத்தம் நிற்காது. எலர்ஸ்–டான்லோஸின் ‘பழமை’ (கிளாசிக்கல்) வகையிலும் காயம் தையலுக்கு நிற்காமல் பிளந்துகொள்ளும். பெருந்தமனி விரிந்த மார்ஃபான்காரர்கள் கனமான காவடியைத் தோளில் ஏற்றி மூச்சைப் பிடித்து நடப்பதும் கூடாது. ரத்த அழுத்தம் அந்த நொடியில் எகிறும். நேர்த்திக்கடன் பால்குடமாகவோ வேறு விதமாகவோ செலுத்தப்படலாம், கோவில் பெரியவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். அதேபோல சிப்ரோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளை மார்ஃபானிலும் ரத்தக்குழாய் வகையிலும் தவிர்க்க வேண்டும். மருந்துச்சீட்டு எழுதுமுன் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

காசு

மெடிக்கல் எயிட் உள்ளவர்கள் மாதிரி கொடுக்குமுன் முன் அனுமதி வாங்க வேண்டும். கோரிக்கையில் நோய்க்கான சர்வதேசக் குறியீடான ஐசிடி–10 எண் சரியாக இருக்கட்டும்: எலும்பு முறியும் நோய் கியூ78.0, மார்ஃபான் கியூ87.4, எலர்ஸ்–டான்லோஸ் கியூ79.6, அகாண்ட்ரோபிளேசியா கியூ77.4. ‘மூட்டு வலி’ என்ற பொது எண்ணோடு போனால் நிராகரிப்பது எளிது. ‘முடிவு சிகிச்சையை எப்படி மாற்றும்’ என்று மருத்துவர் ஒரு பத்தி எழுதிச் சேர்த்தால் மதிப்பு கூடும். அகாண்ட்ரோபிளேசியாவுக்கு 2021 முதல் சில நாடுகளில் அனுமதி பெற்ற வோசோரிடைடு போன்ற மருந்துகளுக்கு மரபணு உறுதி கேட்பார்கள். எலும்பு முறியும் குழந்தைக்கு எலும்பை வலுப்படுத்தும் பாமிட்ரோனேட் மருந்து தொடங்கப் பேனல் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதையும் அந்தக் கடிதத்தில் பிரித்துச் சொல்லலாம். காப்பீட்டு விண்ணப்பத்தில் மருத்துவக் கேள்விக்கு உண்மையை மறைத்தால் பின்னால் பாலிசி செல்லாமல் போகும். அதனால் ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் உள்ள பெரியவர்கள் சோதனைக்கு முன்பே ஆலோசகரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனை வழியும் உண்டு. இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனைக்கு நேராகப் போய் நிற்க முடியாது, உங்கள் மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதத்தோடு மேலே சொன்ன எக்ஸ்ரேயும் குடும்ப மரமும் இருந்தால் ஒரு சந்திப்பு மிச்சமாகும்.

குடும்பத்தின் மாற்றம் ஒருமுறை தெரிந்துவிட்டால் மற்ற உறவினருக்கு முழுப் பேனல் வேண்டாம். அந்த ஒரே இடத்தைப் படிக்கும் இலக்குச் சோதனை போதும், மிகவும் மலிவு, தவறும் குறைவு. ஜோகன்னஸ்பர்க்கிலோ லண்டனிலோ சென்னையிலோ இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு அறிக்கையின் முழுப் பக்கங்களையும் ‘சி.’, ‘பி.’ எழுத்துகளோடு அப்படியே அனுப்புங்கள். ‘அண்ணனுக்கு மார்ஃபான் பாசிட்டிவ்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும் போனால், அங்குள்ள ஆய்வகம் எந்த இடத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் முழுப் பேனலையும் முதலிலிருந்து தொடங்கும்.